காரிக்கு என்ன ஜாதி?

காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில், பெரிய சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்ட வீட்டுக்கு, முதன்முறையாக வருகிறவர்கள், காரி குரைத்து முடித்து, முகர்ந்து பார்த்து, வாலை ஆட்டத் தொடங்கியதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இது என்ன ஜாதி நாயிங்க?” மனிதர்களிடம் இதே கேள்வியை நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு, குலதெய்வம் கோயில் எந்த ஊரில் இருக்கிறது என்று சுற்றி வளைத்து விசாரிக்கும் எங்கள் பக்கத்தில், நாய்க்கு மட்டும் அந்தச் சுற்று வழி தேவைப்படுவதில்லை. “கிராஸுங்க” என்று சொன்னால் கேட்டவரின் முகத்தில் ஆர்வம் பாதியாகக் குறைவதையும், “லாப்ரடார் கிராஸு” என்று சேர்த்துச் சொன்னால் அது மறுபடி முக்கால் பங்குக்கு ஏறுவதையும் ஆறு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

காரியின் தாய் அவிநாசியில் என் சித்தி வீட்டில் வளர்ந்த வெளிர்மஞ்சள் லாப்ரடார். தந்தை யார் என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் கிடையாது. சாக்கடைப் பணிக்காகச் சுற்றுச்சுவரில் ஓர் ஓரத்தை இடித்திருந்த பத்து நாட்களில் நடந்தது நடந்துவிட்டது. இரண்டு வீடு தள்ளி இருந்த, செம்பழுப்பு நிறமும் ஒட்டிய வயிறும் கொண்ட சிப்பிப்பாறை இன வேட்டை நாய் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். அறுபத்து மூன்று நாள் கணக்கும் ஏறத்தாழச் சரியாக வந்தது. ஆனால் பிறந்த ஏழு குட்டிகளும் கறுப்பு. வெள்ளை நாய்க்கும் செவலை நாய்க்கும் கறுப்புக் குட்டி எப்படிப் பிறக்கும் என்று அம்மிச்சி, என் அம்மாவின் அம்மா, மூக்கின் மேல் விரலை வைத்தார். எங்கோ மூன்றாவதாக ஒரு கறுப்பு நாய் இருக்கிறது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அப்படி ஒரு மூன்றாவது நாய் தேவையில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. லாப்ரடாரின் மஞ்சள் நிறம், முடியில் கறுப்பு நிறமி உண்டாக விடாத ஒரு மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் வந்து சேர்ந்தால்தான் தோன்றும். ஒரு பிரதி மட்டும் வந்தால் அது அடங்கிக் கிடக்கும். அதே மஞ்சள் லாப்ரடாருக்குள், உடல் முழுவதையும் கறுப்பாக்கக்கூடிய இன்னொரு ஓங்கு மரபணு, வெளியே தெரிய வழியில்லாமல் ஒளிந்திருக்கும். அந்தத் தடை மரபணு இல்லாத செவலை நாயோடு சேரும்போது தடை நீங்கிவிடுவதால், தாயிடமும் இல்லாத, தந்தையிடமும் இல்லாத கறுப்பு, தாய் வழியாகவே குட்டிகளுக்கு வந்து சேர்கிறது. ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தந்தைகள் இருக்க முடியும் என்பதும் உண்மைதான். எனவே அம்மிச்சியின் தீர்ப்பை முழுவதுமாகத் தள்ளிவிடவும் முடியாது. கறுப்பு மாட்டைக் காரி என்று அழைக்கும் வழக்கப்படி நான் தூக்கி வந்த பெட்டைக் குட்டிக்கும் அந்தப் பெயரே நின்றது.

இந்த நிறக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிராஸ் நாய் என்றால் பாலும் டிக்காஷனும் கலந்தது போல இரண்டு இனங்களின் குணமும் சமமாகக் கரைந்து ஒன்றாகியிருக்கும் என்றே நானும் நினைத்திருந்தேன். உண்மையில் ஒவ்வொரு தன்மையும் தனித்தனியே சீட்டுப் போட்டு எடுத்தது போல வருகிறது: கால் ஒரு பக்கத்திலிருந்து, பசி இன்னொரு பக்கத்திலிருந்து, நிறம் இருவரிடமும் தென்படாத ஓர் இடத்திலிருந்து. 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வொன்று, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வளர்ப்பு நாய்களின் நடத்தையைப் பற்றி அவற்றின் உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்தது. அவற்றில் இரண்டாயிரத்துச் சொச்சம் நாய்களின் மரபணுத் தொகுதியும் ஆராயப்பட்டது. நாய்க்கு நாய் நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. கலப்பு நாய்கள் பல அந்த ஆய்வில் இருந்ததால்தான் தோற்றத்தையும் குணத்தையும் பிரித்துப் பார்க்க முடிந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. லாப்ரடார் கலப்பு என்றால் குழந்தைகளிடம் சாதுவாக இருக்கும் என்று நம்பிக் குட்டி கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். அவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

காரியின் உடம்பு பெரும்பாலும் தந்தை வழி. ஆழ்ந்த மார்பு, உள்ளே ஏறிய வயிறு, நீண்ட கால்கள், கைக்கு வழுக்கும் குட்டை முடி. தாயிடமிருந்து வந்தவை தொங்கும் காதுகளும், அடி தடித்து நுனி மெலிந்த வாலும், தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடும் பழக்கமும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாளில் அதைக் கரையில் நிறுத்தி வைப்பது இயலாத காரியம். இவை எல்லாவற்றையும் விட வலுவாகத் தாயிடமிருந்து வந்தது பசி.

லாப்ரடாரின் தீராத பசி வெறும் பேச்சு அல்ல. பசியடங்கியதை மூளைக்கு உணர்த்தும் வேலையில் பங்குள்ள ‘போம்சி’ என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப் போயிருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரிடம் இந்தக் குறை ஒரு பிரதியாவது இருக்கிறது. ஒவ்வொரு பிரதிக்கும் சராசரியாக இரண்டு கிலோ எடை கூடுகிறது. முன்பு சொன்ன மஞ்சள் நிறம் போல இது இரண்டு பிரதிகளுக்குக் காத்திருப்பதில்லை, ஒன்று போதும். காரிக்கு மரபணுச் சோதனை எதுவும் செய்ததில்லை. ஆனால் தட்டை நக்கி முடித்த மறுகணமே முந்தைய வேளை உணவு நடக்கவே இல்லை என்பது போல ஏறிட்டுப் பார்க்கும் அந்தப் பார்வையைப் பார்த்தவர்களுக்குச் சோதனை தேவைப்படாது.

சிக்கல் என்னவென்றால், லாப்ரடாரின் வாய் சிப்பிப்பாறையின் கூட்டுக்குள் இருக்கிறது. விலா எலும்பு இரண்டு மூன்று லேசாகத் தெரிவதுதான் அந்த உடல்வாகுக்கு இயல்பு. வருகிற உறவினர்களோ நாய் இளைத்துவிட்டது, சோறு போடுவதில்லையா என்று கேட்டுவிட்டுத் தங்கள் இலையில் மிஞ்சியதை எடுத்து வைப்பார்கள். கண்ணை நம்பாமல் கையை நம்புவது என்ற முடிவுக்கு நான் வந்து சேர ஒன்றரை ஆண்டு ஆனது. விலாவின் மேல் உள்ளங்கையை அழுத்தாமல் வைத்துத் தடவும்போது, விரல்களை நீட்டி வைத்த கையின் புறங்கையைத் தடவுவது போல எலும்புகள் தட்டுப்பட்டால் எடை சரி. தேடி அழுத்த வேண்டியிருந்தால் கூடுதல். மடக்கிய கையின் விரல் முட்டிகளைப் போலக் குத்தினால் குறைவு. இதை எந்த நாய்க்கும் செய்து பார்க்கலாம். இன அட்டவணையில் இடம் இல்லாத கலப்பு நாய்க்கு இதைத் தவிர வேறு அளவுகோலும் கிடையாது.

எங்களுக்குத் தேங்காய் உலர்களம் இருக்கிறது. உடைத்துக் காயப்போட்ட தேங்காய்ப் பருப்பு ஒரு ஏக்கருக்குப் பரந்து கிடக்கும் இடத்தில் இப்படிப்பட்ட பசியுள்ள நாயை வளர்ப்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. 24 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,100 முதல் 1,200 கலோரி போதும். நூறு கிராம் பருப்பில் 650 கலோரிக்கு மேல் இருக்கிறது, அதாவது அரை நாள் உணவு. காரி மூன்று வயதில் ஒரு வைகாசி மாதத்தில், யாருக்கும் தெரியாமல், களத்தின் வடக்கு ஓரத்தில் தினமும் வேலை பார்த்திருக்கிறது. இரண்டு நாள் தொடர்ந்து வாந்தியும் கழிச்சலுமாகக் கிடந்து, முதுகை வளைத்து முன்னங்கால்களை நீட்டிப் படுத்தபோதுதான் வயிற்று வலி என்று புரிந்தது. கொழுப்பு மிகுந்த தீனி கணையத்தை வீங்க வைத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அப்போதுதான் களத்தைச் சுற்றி வலை கட்டிப் படலும் வைத்தோம். அதுவரை அணிலுக்கும் காக்கைக்கும் கட்டாத வலையை நாய்க்குக் கட்டினோம் என்று அப்பா இன்னமும் சொல்லிக் காட்டுவார்.

உணவைப் பற்றி இன்னொன்று. பொங்கலூர், பல்லடம் பக்கம் சின்ன வெங்காயம் விளையும் ஊர்களில் குழம்பு என்றாலே பாதி வெங்காயம்தான். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேக வைத்தாலும் அந்தத் தன்மை போகாது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வெங்காயம் ஒரே தடவையில் உள்ளே போனால் ஆபத்து என்பது கணக்கு. ஆனால் தினமும் சிறிது சிறிதாகச் சாம்பார்ச் சோறு போடுவதும் நல்லதல்ல. காரிக்கு உப்பும் வெங்காயமும் சேர்க்காமல், வேக வைத்த கோழிக்கறியோ இரண்டு நாமக்கல் முட்டையோ, கொஞ்சம் சோறு, ஒரு கைப்பிடி பூசணி அல்லது கேரட், இவற்றோடு மருத்துவர் சொன்ன அளவுக்குச் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்துக் காலையும் மாலையுமாக இரண்டு வேளை தருகிறோம். இப்படி வீட்டுச் சமையலில் வளர்ப்பதானால் சத்துக் கணக்கை மருத்துவரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. வெந்த கோழி எலும்பு கூராக உடையும் என்பதால் அது தட்டுக்கு வருவதில்லை. ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம். ஆகவே ஒரே வேளையில் மொத்தமாகப் போடுவதும், தின்றவுடன் ஓட விடுவதும் இல்லை.

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். தோட்டத்து நாய் என்பதில் எங்கள் பகுதியில் தீர வேண்டிய முதல் வழக்கு இதுதான். சிப்பிப்பாறை கண்ணால் கண்டு துரத்தும் நாய். முயல் வேட்டைக்கென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தது. லாப்ரடார் சுடப்பட்ட பறவையைப் பல் படாமல் கவ்விக் கொண்டுவந்து தருவதற்காக வளர்த்தது. இரண்டும் ஒரே நாயில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு விடியற்காலையில் கண்டேன். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் கிளுவை வேலியைத் தாண்டிப் போன காரி திரும்பி வந்து, வாசற்படியில் ஒரு கவுதாரியை வைத்துவிட்டு உட்கார்ந்தது. பறவைக்கு ஒரு சிறகுகூட ஒடியவில்லை. கையிலிருந்து பறந்து போனது. அன்று பெருமையாகத்தான் இருந்தது. மயில்குஞ்சின் பின்னால் ஓடியதைப் பார்த்த நாளில் பெருமை போய்விட்டது. எங்கள் பக்கம் தெருக்கோழியைப் போல மயில் திரிந்தாலும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற பறவை. நாய் துரத்திற்று என்பது சாக்காகாது.

ஆடு அதைவிடப் பெரிய விஷயம். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் கூட்டமாகத் திரியும் நாய்கள் பட்டிக்குள் புகுந்து செம்மறிகளைக் கடித்துக் கொன்ற செய்தி அண்மை ஆண்டுகளில் வராத மாதம் இல்லை. இழப்பீடு கேட்டு விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் அமர்ந்ததும் உண்டு. பத்து ஆடு செத்தால் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானமே போகிறது. அந்த நாய்கள் எல்லாம் தெருவில் பிறந்தவை என்று நினைப்பது நமக்கு வசதி. பகலில் கயிற்றில் கட்டி இரவில் அவிழ்த்துவிடப்படும் தோட்டத்து நாயும் கூட்டத்தில் சேர்ந்தால் அதே வேலையைத்தான் செய்யும். துரத்தும் குணத்துக்கு வீட்டு நாய் தெரு நாய் என்ற பேதம் கிடையாது. காரிக்கு இரண்டு வயதானபோது பக்கத்துப் பட்டியில் இரண்டு குட்டிகள் கடிபட்டன. பட்டிக்காரப் பெரியம்மா எங்கள் வாசலுக்கு வந்து, “உங்க நாயின்னு சொல்ல வல்லீங்க கண்ணு, ராத்திரி எங்க இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க” என்றார். சாளைக்குள் இருந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அது அவிழ்த்துவிட்ட இரவு. பிறகு கால்தடத்தைப் பார்த்து வேறு நாய்கள் என்று தெரிந்தது என்றாலும், பதில் சொல்ல முடியாமல் நின்ற அந்த நிமிடம் இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து இருட்டினால் காரி உள் வராந்தாவில்தான். காவலுக்கு நாய் சுற்ற வேண்டும் என்று வாதிட்டவர்களுக்கு, உள்ளே இருந்தாலும் அது குரைக்கும் என்பதே என் பதில். பகலில் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடுகளுக்கு அருகே அழைத்துப் போய், அது ஆட்டைப் பார்த்த கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கறி கொடுத்தேன். இங்கேதான் தாய் வழிப் பசி உதவிக்கு வந்தது. சிப்பிப்பாறை வளர்க்கும் நண்பர், தன் நாய் முயலைக் கண்டுவிட்டால் பிரியாணியைக் காட்டினாலும் திரும்பாது என்பார். காரி திரும்பிற்று. நான்கு மாதம் பிடித்தது. இன்று ஆட்டு மந்தைக்கு நடுவே நடக்கும். ஆனால் முதல் ஆடு மிரண்டு ஓடத் தொடங்கும் கணத்தில் அதன் பின்னங்கால் சதை இறுகுவதைப் பார்க்கிறேன். அதனால் கயிற்றை விடுவதில்லை.

மருத்துவத்தைப் பொறுத்தவரை கலப்பு நாய்க்கு நோயே வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு 2013-இல் வெளியான ஆய்வு 24 பரம்பரைக் கோளாறுகளை ஒப்பிட்டது. பத்துக் கோளாறுகள் தூய இன நாய்களிடம் அதிகம். பதின்மூன்றில் வேறுபாடு இல்லை, இடுப்பு மூட்டுக் கோளாறும் அதில் அடக்கம். ஒன்று, பின்னங்கால் முட்டியின் தசைநார் அறுதல், கலப்பு நாய்களிடமே அதிகம். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுகளோ எந்த ரத்தத்தையும் பார்ப்பதில்லை. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி நான்கு மாதம் ஆகும் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தடுப்பூசி, மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுக்கொரு முறை. வாய்க்கால் தண்ணீரிலும் எலி வளைகளிலும் திரியும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் அவசியம். கருத்தடையை முதல் பருவம் முடிந்ததும் செய்தோம். அறுவைக்கு முன் சிப்பிப்பாறைக் கலப்பு என்று சொன்னது பயன்பட்டது: கொழுப்புக் குறைந்த, கிரேஹவுண்ட் போன்ற உடல்வாகுள்ள நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய வெகுநேரம் ஆகும் என்பதால் மருத்துவர் மருந்தை மாற்றிக்கொண்டார். அதுபோலவே, கோலி இன ரத்தம் இருக்கலாம் என்று தோன்றினால் உண்ணிக்கு ஐவர்மெக்டின் ஊசி போடும் முன் சொல்லிவிட வேண்டும். அந்த இனத்தில் பல நாய்களுக்கு அது மூளையைத் தாக்கும்.

உண்ணிதான் மாட்டுக் கொட்டகை உள்ள எந்த வீட்டிலும் ஓயாத வேலை. நாயின் மேல் இருப்பதைப் பிடுங்குவதால் மட்டும் தீராது. ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கொட்டகைச் சுவரைப் பூசி, சுண்ணாம்பு அடித்து, நாய்க்கு மருத்துவர் தந்த மாத்திரையை நாள் தவறாமல் கொடுத்த பிறகே எங்களுக்குக் கட்டுப்பட்டது. ஈறு வெளுத்தாலும், மூக்கில் ரத்தம் வந்தாலும், சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றே தூக்கிக்கொண்டு போக வேண்டும். கறுப்பு முடியில் உண்ணி கண்ணுக்குத் தெரியாது. காதுமடலின் உட்புறம், விரல் இடுக்கு, வாலடி ஆகியவற்றை விரலால் தடவித்தான் தேட வேண்டும். அப்படித் தேடும்போதே பாதத்தில் ஏறியிருக்கும் நெருஞ்சி முள்ளும் அகப்படும்.

சித்திரை, வைகாசியில் ஈரோடும் கரூர்ப் பரமத்தியும் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் எங்கள் பக்கமும் அதற்கு இளைத்ததல்ல. காலை ஏழு மணிக்குள் நடை முடிந்துவிடும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வரத் தொடங்கிய பிறகுதான் காரிக்கு மாலை நடை.

போன ஐப்பசியில் ஈரக் களத்தில் வழுக்கியபின் காரி இடது பின்னங்காலைத் தூக்கியபடி நின்றது. தசைநார் முழுதாக அறவில்லை, பாதி கிழிந்திருக்கலாம், எடையைக் குறைத்து ஓய்வு கொடுத்துப் பார்ப்போம் என்றார் மருத்துவர். நாற்பத்தெட்டு லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து பின்தொடர்ந்து 2002-இல் முடிவு வெளியிட்ட ஓர் ஆய்வில், கால் பங்கு குறைவாகத் தின்றவை ஏறத்தாழ 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்ததையும், அவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் தாமதமாகவே வந்ததையும் அவர் எடுத்துச் சொன்னார். அப்போது காரியின் எடை 26 கிலோ. 24-க்குக் கீழே இறக்க வேண்டும் என்பது அவர் விதித்த எல்லை. பருப்பு மூட்டை நிறுக்கும் தராசில் வெள்ளிக்கிழமைதோறும் ஏற்றி நிறுத்துகிறோம். ஏறி உட்காரப் பழகிவிட்டது, அதற்கும் ஒரு துண்டு கேரட் கேட்கிறது. நேற்று 24 கிலோ 300 கிராம். களத்தில் இப்போது நாலாயிரம் காய் உடைத்துப் போட்டிருப்பதால், அடுத்த வெள்ளி வரை படலை யார் திறந்தாலும் கட்டிவிட்டுத்தான் வர வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.